எல்லைகளுக்கு முந்தியவர்கள் – 17: வழி சொன்ன கிழவி

சென்ற இதழை 568ஆம் ஆண்டில் நிறுத்தியிருந்தோம். லொம்பார்டுகள் பெண்டு பிள்ளைகளோடும் மாடு கன்றுகளோடும் பன்னோனியாவைக் காலிசெய்து, ஜூலியன் ஆல்ப்ஸ் கணவாய்கள் வழியே இத்தாலிக்குள் இறங்கிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சமவெளியில் குதிரையேறி வந்த அவார்கள் கூடாரம் அடித்தார்கள். அதே ஆண்டுகளில், பேர் சொல்ல ஓர் அரசன்கூட இல்லாத, ஸ்லாவியர் என்ற இன்னொரு கூட்டம் சாவா, திராவா ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஊர் ஊராக மேலேறிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் என் மனதில் முதலில் நிற்கும் முகம் ஒரு கிழவியுடையது. பெயர் தெரியாது.

அவளைப் பற்றிச் சொல்கிறவர் பவுல் தியாக்கோன். லொம்பார்டு குலத்தில் பிறந்து துறவியானவர். 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் தன் குலத்தின் வரலாற்றை லத்தீனில் எழுதினார். அரசர்கள், முற்றுகைகள், பட்டாபிஷேகங்கள் என்று போய்க்கொண்டிருக்கும் நூலை நடுவில் நிறுத்தித் தன் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறார். 610 வாக்கில் அவார்கள் ஃபிரியூலி பகுதியைச் சூறையாடியபோது, அவருடைய கொள்ளுத்தாத்தா லோபிக்கிஸையும் உடன்பிறந்தவர்களையும் சிறுபிள்ளைகளாகவே பிடித்துக்கொண்டு போனார்கள். வாலிபனானதும் லோபிக்கிஸ் வில்லும் அம்புக்கூடும் கொஞ்சம் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு தப்பினான். வழி தெரியாது. ஓர் ஓநாய் முன்னே போய்ப் போய்த் திரும்பிப் பார்த்தது. அதன் பின்னே நடந்தான். உணவு தீர்ந்து பசி தாளாமல் அந்த ஓநாய் மீதே வில்லை வளைத்தான். அது நழுவி மறைந்தது. விழுந்து கிடந்து, எழுந்து தள்ளாடி, கடைசியில் அவன் சேர்ந்த இடம் ஒரு ஸ்லாவியர் குடியிருப்பு. அங்கே ஒரு கிழவி அவனைப் பார்த்தாள். தப்பி ஓடிவந்தவன் என்று புரிந்துகொண்டு வீட்டுக்குள் ஒளித்து வைத்தாள். காய்ந்த வயிற்றுக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று சிறுகச் சிறுக ஊட்டினாள். உடம்பு தேறியதும் வழிக்கு உணவு கட்டிக்கொடுத்து, இத்தாலிக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று காட்டி அனுப்பினாள்.

ஓநாயை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். கிழவியை நான் நம்புகிறேன். வழித்தோன்றல் ஒருவர் நூற்றைம்பது ஆண்டு கழித்து நன்றியோடு நினைத்து எழுதும் அளவுக்கு ஒரு குடும்பம் அவளைப் பேசிப் பேசி வைத்திருந்திருக்கிறது. எனக்குள்ள கேள்வி வேறு. 620களில் கிழவி என்றால் அவள் பிறந்தது 560களில் இருக்கலாம். அப்போது இந்த மலைப்பக்கத்தில் ஸ்லாவியர் இன்னும் சரியாகக் காலூன்றவில்லை. அப்படியானால் அவள் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு கார்பாத்திய மலைகளுக்கு அப்பாலிருந்து நடந்து வந்த சிறுமியா? அல்லது இங்கேயே ஒரு ரோமானியக் குடும்பத்தில் பிறந்து ஸ்லாவிய வீட்டில் வாழ்க்கைப்பட்டவளா? இன்று 20,273 சதுர கிலோமீட்டர் பரப்பில் 21 லட்சம் பேர் வாழும் ஸ்லோவேனியாவில், வந்தேறிகளா மண்ணின் மைந்தர்களா என்று இருநூறு ஆண்டுகளாக நடக்கும் வாக்குவாதம் முழுவதும் இந்தக் கிழவியின் பிறப்புக்குள் அடங்கிவிடுகிறது.

முதலில் ஏடுகள் சொல்வதைப் பார்ப்போம், அவை கொஞ்சம்தான். 570களில் கிராடோவில் கூடிய ஆயர் மன்றத்தில் எமோனா, செலெயா ஊர்களின் ஆயர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எமோனா இன்றைய லூப்லியானா. செலெயா இன்றைய செல்யே. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்த ஆயர் பீடங்கள் ஆவணங்களிலிருந்து மறைந்துவிடுகின்றன. 592ஐ ஒட்டி பவேரியக் கோமகன் தாசிலோ ஸ்லாவியர் நாட்டுக்குள் புகுந்து கொள்ளையடித்துத் திரும்பியதாகப் பவுல் எழுதுகிறார். சில ஆண்டுகளில் மறுபடி போன பவேரியர் 2,000 பேர், ஸ்லாவியருக்குத் துணைவந்த அவார் அரசனான ககானிடம் சிக்கி மாண்டார்கள். 600ஆம் ஆண்டில் போப் முதலாம் கிரகோரி, சலோனா ஆயருக்கு எழுதிய கடிதத்தில் இஸ்திரியா வழியாக ஸ்லாவியர் இத்தாலிக்குள் நுழைவதை எண்ணிக் கலங்குகிறார். ஆக முப்பது ஆண்டுக்குள் ஒரு நாட்டின் மொழியே மாறத் தொடங்கிவிட்டது.

மண்ணும் இதையேதான் சொல்கிறது. ஸ்லோவேனியாவின் வடகிழக்கு மூலையில், முர்ஸ்கா சோபோத்தா பக்கத்தில் நெடுஞ்சாலை போடுவதற்கு முன் தோண்டியபோது நோவா தாப்லா என்ற இடத்தில் தரைக்குள் பாதி புதைந்த குடிசைக் குழிகளும், கையால் வனைந்த அலங்காரமில்லாத பானைகளும், பிணத்தை எரித்து அள்ளிப் புதைத்த சாம்பல் குழிகளும் வெளிப்பட்டன. கண்ணாடிக் கோப்பையும் சக்கரத்தில் வனைந்த பாண்டமும் புழங்கிய ரோமானிய நாட்டுக்கு இது முற்றிலும் வேறான வாழ்க்கை. அந்தச் சாம்பல்தான் நமக்குத் தொல்லை. உயர்ந்த வெப்பத்தில் வெந்த எலும்பில் டி.என்.ஏ. மிஞ்சுவதில்லை. வந்தவர்களின் முதல் தலைமுறை தன்னைப் பற்றிய சாட்சியத்தைத் தானே எரித்துவிட்டுப் போய்விட்டது. பிற்பாடு கிறித்தவம் பரவி, எரிக்காமல் புதைக்கும் வழக்கம் நிலைத்த பிறகுதான் கேட்டால் பதில் சொல்லும் எலும்புகள் கிடைக்கின்றன.

சரி, ஏற்கெனவே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

அவர்கள் மலைமேல் ஏறியிருந்தார்கள். 5, 6ஆம் நூற்றாண்டுகளில் சமவெளி நகரங்கள் பாதுகாப்பற்றுப் போனபோது, ரிஃப்னிக், தோனோவ்ட்சோவ் கிராத், அய்த்னா போன்ற உச்சிகளில் மதில் கட்டி, தேவாலயம் கட்டி, மழைநீரைத் தொட்டியில் பிடித்து வாழ்ந்தார்கள். அந்த இடிபாடுகளைப் பின்னால் பார்த்த ஸ்லாவிய உழவர்கள், இத்தனை பெரிய கல்லைத் தூக்கியவர்கள் பூதங்களாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, அவர்களுக்கு ‘அய்த்’ என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மானியர் புறச்சமயத்தாரைச் சொல்லும் சொல்லிலிருந்து வந்தது அது. கூத்து என்னவென்றால், அந்த மலையுச்சிக்காரர்கள்தான் கிறித்தவர்கள். பெயர் வைத்தவர்களின் முன்னோர்தான் புறச்சமயத்தார். அதே சொல்லிலிருந்துதான் பிற்காலத்தில் அந்நாட்டுக்கு வந்த ஒரு தானியத்துக்கும் ‘அய்தா’ என்று பெயர். அதில் கிளறிய களி இன்றும் ஸ்லோவேனிய வீடுகளில் உண்டு.

பூதமென்று சொன்னாலும் பேச்சுவார்த்தை இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் பெயர்கள் கைமாறியிருக்காது. சாவா, திராவா, சோச்சா, கோல்பா என்ற ஆறுகளின் பெயர்கள் ஸ்லாவியருக்கு முந்தியவை. செலெயா செல்யே ஆயிற்று, பெத்தோவியோ ப்துய் ஆயிற்று, கார்னியம் கிரான் ஆயிற்று. ஓர் ஆற்றின் கரையில் நின்று இதன் பேர் என்ன என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது என்று பொருள். இன்னும் கெட்டியான சாட்சி லாஷ்கோ. இன்று பீருக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் பேர்போன ஊர். அதன் வேர் ‘வ்லாஹ்’ என்ற சொல். லத்தீன் வழி மொழி பேசுகிறவன் என்று அர்த்தம். அங்கே பழைய ஆட்கள் தங்கள் மொழியோடு தொடர்ந்து இருந்தார்கள் என்பதால்தான் பக்கத்து ஊர்க்காரர்கள் அப்படிப் பெயரிட்டார்கள். ஆனால் எமோனாவின் பெயரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நகரத்தின் மேலேயே எழுந்த லூப்லியானா வேறு பெயர் சூடிக்கொண்டது. ஆகவே ஓரிடத்தில் நடந்ததை வைத்து நாடு முழுவதற்கும் தீர்ப்பு எழுதமுடியாது.

இந்த இரட்டைச் சாட்சியத்தில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். 1980களில், யூகோஸ்லாவியா விரிசல் விட்டுக்கொண்டிருந்த நேரம். பொருளியல் படித்த யோஷ்கோ ஷாவ்லி, கவிஞர் மாதேய் போர், வியன்னாவில் இருந்த பாதிரியார் இவான் தொமாஷிச் மூவரும் சேர்ந்து ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். ஸ்லோவேனியர் 6ஆம் நூற்றாண்டில் வந்தவர்களே அல்ல. கிறிஸ்துவுக்கு முன்பே வடகிழக்கு இத்தாலியில் கல்வெட்டுப் பொறித்த வெனத்திகளின் நேர் வாரிசுகள் என்றார்கள். 1989இல் நூலாகவும் வந்தது. போர் அந்தக் கல்வெட்டுகளை ஸ்லோவேனிய மொழியின் துணைகொண்டு படித்துக் காட்டினார். காது கவிஞனுடையது, எந்த ஒலியிலும் தன் தாய்மொழியைக் கேட்கும். மொழியியலார் ஒப்பவில்லை. வெனத்தி மொழி லத்தீனுக்கு நெருங்கிய உறவு என்பது அந்தக் கல்வெட்டுகளின் இலக்கணத்திலேயே தெரிகிறது. ஜெர்மானியர்கள் ஸ்லாவியரை ‘வெந்த்’, ‘விந்திஷ்’ என்று அழைத்துவந்ததுதான் இந்தக் குழப்பத்துக்கு வாசல் திறந்தது. நகைத்து ஒதுக்குவது எளிது. ஆனால் பெல்கிரேடின் நிழலிலிருந்து விலகத் துடித்த ஒரு சின்ன மக்களுக்கு, ‘நீங்கள் பொதுவான ஸ்லாவியக் கூட்டத்தின் ஒரு கிளை மட்டுமல்ல’ என்று யாராவது சொன்னால் எவ்வளவு இனித்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கவேண்டும். 1991 ஜூன் 25இல் நாடு விடுதலை அறிவித்தபோது அந்த நூல் பல வீட்டு அலமாரிகளில் இருந்தது.

கவிதையால் தீராத வழக்கு எச்சிலுக்கும் எலும்புக்கும் போனது. இங்கே வாசகர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். ஆரம்பகால ஆய்வுகள் இரண்டே இழைகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. தகப்பன் மகனுக்குத் தரும் ஒய் குரோமோசோம் ஒன்று. தாய் பிள்ளைகளுக்குத் தரும் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ. மற்றொன்று. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர். இந்த இழைகள் அவர்களில் இரண்டு பேரை மட்டும் காட்டும். மீதி 1,022 பேர் இருட்டில்.

அந்தக் குறையோடுதான் முதல் முடிவுகள் வந்தன. ஸ்லோவேனிய ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஆர்1ஏ என்ற தந்தைவழிக் கிளையைச் சேர்ந்தவர்கள். போலந்திலும் உக்ரைனிலும் மிகுதியாக இருப்பது அதுவே. உடனே, இதுதான் ஸ்லாவிய ரத்தம் என்று சிலர் முத்திரை குத்தினார்கள். அவசரம். ஆர்1ஏ நடு ஐரோப்பாவில் புழங்கத் தொடங்கியது இன்றைக்கு நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன். ஸ்லாவ் என்ற பெயரே அப்போது கிடையாது. உட்கிளைகளைப் பிரித்துப் பார்க்காமல் அதை வைத்து எதையும் நிறுவமுடியாது. மேற்கு ஐரோப்பாவிலும் வட இத்தாலியிலும் தழைத்த ஆர்1பி கிளையும் இங்கே கணிசம். பால்கனில் அடர்ந்த ஐ2ஏ கிளையும் உண்டு. ஆனால் ஹெர்ஸகோவினாவில் காணும் அளவுக்கு இல்லை. வரைபடத்தை எடுத்து ஸ்லோவேனியா எங்கே இருக்கிறதென்று பார்த்தாலே ஏறக்குறைய இதே பட்டியலை ஊகித்துவிடலாம்.

மரபணுத் தொகுதி முழுவதையும் ஒப்பிடத் தொடங்கிய பிறகுதான் பேச்சு சுவாரசியமாயிற்று. 2013இல் ரால்ஃப், கூப் என்ற இரு ஆய்வாளர்கள், ஐரோப்பியர்கள் தங்களுக்குள் நீளமான டி.என்.ஏ. துண்டுகளை எவ்வளவு பகிர்கிறார்கள் என்று எண்ணினார்கள். துண்டு நீளமாக இருந்தால் பொது மூதாதை அண்மையில் வாழ்ந்தவர். ஒவ்வொரு தலைமுறையிலும் கத்தரிபட்டுக் குறுகும். கிழக்கு ஐரோப்பியர்களிடம் இந்தப் பகிர்வு வழக்கத்துக்கு மீறி அதிகம். காலம் கணக்கிட்டால் ஸ்லாவியர் பரவிய நூற்றாண்டுகளோடு பொருந்துகிறது. 2015இல் ஸ்லாவிய, பால்டிய மக்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. மொழிக் குடும்பத்தில் ஸ்லோவேனிய மொழி தெற்கு ஸ்லாவியம். செர்பிய, பல்கேரிய மொழிகளுக்குத் தங்கை. மரபணுவில் ஸ்லோவேனியர் நிற்பதோ நடு ஐரோப்பியர் வரிசையில். மொழியில் துளியும் உறவில்லாத ஹங்கேரியர்தான் பக்கத்து வீட்டுக்காரர்.

2018இல் ஸ்லோவேனியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் நூறுக்குச் சற்றுக் குறைவானவர்களின் மாதிரிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஒரு முடிவு. ஸ்லோவேனிய மொழிக்கு நாற்பதை ஒட்டிய வட்டார வழக்குகள். ஒரு பள்ளத்தாக்குக்காரர் பேசுவது அடுத்த பள்ளத்தாக்குக்காரருக்குச் சட்டென்று பிடிபடாது. மரபணுவும் அப்படிக் கிழிந்து கிடக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். கிடக்கவில்லை. நாடு முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கிறது. மலை பேச்சைப் பிரித்தது. பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் அது தடுக்கவில்லை.

இவையெல்லாம் உயிரோடு இருப்பவர்களைக் கேட்டு வாங்கிய பதில்கள். செத்தவர்களிடம் நேரே கேட்டது கடந்த சில ஆண்டுகளில்தான். 2023இல் பால்கனின் முதல் ஆயிரத்தாண்டு எலும்புக்கூடுகள் 136ஐ ஆராய்ந்த குழு, இன்றைய பால்கன் மக்களின் மூதாதைமையில் 30 முதல் 60 விழுக்காடு வரை ஸ்லாவியக் குடியேற்றத்தோடு வந்தது என்று கண்டது. 2025இல் லைப்சிக் நகரத்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தினர் முன்னின்று நடத்திய ஆய்வு இன்னும் பெரியது: 555 பழங்கால மனிதர்கள். கிழக்கு ஜெர்மனி, போலந்து, குரோவேஷியா ஆகிய இடங்களில் 6 முதல் 8ஆம் நூற்றாண்டுக்குள் உள்ளூர் மரபணுத் தொகையில் 80 விழுக்காட்டுக்கு மேல் மாறிவிட்டது என்பது அதன் முடிவு. புதியவர்களின் மூலம் தெற்கு பெலாரஸ், வடக்கு உக்ரைன் பக்கம்.

30, 60, 80 என்று எண்கள் முட்டிக்கொள்வதாகத் தோன்றலாம். முட்டவில்லை. முதல் கணக்கு இன்று வாழ்பவர்களைப் பற்றியது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுக் கலப்புக்குப் பிந்தையது. இரண்டாவது, குடியேற்றத்தை அடுத்த நூற்றாண்டுகளில் புதைக்கப்பட்டவர்களைப் பற்றியது.

எனக்கு எண்களைவிட முக்கியமாகப் படுவது, வந்தவர்கள் யார் என்பது. வாளேந்திய ஆண்கள் மட்டும் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த கதையாக இருந்திருந்தால் தந்தைவழிக்கும் தாய்வழிக்கும் நடுவே பெரிய ஏற்றத்தாழ்வு தெரியும். தெரியவில்லை. ஆணும் பெண்ணுமாகக் குடும்பங்கள் வந்திருக்கின்றன. லொம்பார்டுகளும் அப்படித்தான் குடும்பத்தோடு போனார்கள்; ஆனால் அவர்கள் போன இடத்தில் லத்தீன் அவர்களைத் தின்று தீர்த்தது. இந்த உழவர்களின் மொழியோ ஆல்ப்ஸ் அடிவாரத்தைப் பிடித்துக்கொண்டது. காலியாகிக் கிடந்த வயலில் வந்து உழுதவர்களுக்கு அரசன் தேவைப்படவில்லை. பேச்சை மாற்றிக்கொள்ளவேண்டிய அவசரமும் இல்லை. அதே ஆய்வு, வடக்கு பால்கனில் வந்தவர்களோடு இருந்தவர்களும் கலந்ததைப் பார்க்கிறது. கிழக்கு ஜெர்மனியைப் போல முற்றிலும் துடைத்தெடுத்த மாதிரி இல்லை. ஆகவே லோபிக்கிஸுக்கு உணவூட்டிய கிழவி நடந்து வந்த சிறுமியாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளூரில் பிறந்தவளாக இருந்தாலும் வியப்பில்லை. அவள் எரிக்கப்பட்டிருப்பாள்.

வெனத்திக் கொள்கை இதோடு விழுந்தது என்று சொல்லலாம். ஆனால் அதற்கு எதிர்ப்பக்கம் நின்று, இன்றைய ஸ்லோவேனியர் கலப்பற்ற ஸ்லாவியர் என்று சொன்னவர்களும் கூடவே விழுந்தார்கள்.

ரத்தமும் மொழியும் வெவ்வேறு பாதையில் போகும் என்பதற்கு எல்லைக்கு அந்தப் பக்கமே உதாரணம் இருக்கிறது. ஸ்லாவியர் இங்கே முதலில் அமைத்த கரந்தானியாவின் நெஞ்சம் இன்று ஆஸ்திரியாவின் கரிந்தியா மாநிலம். 745 வாக்கில் அதன் கோமகன் போருத், அவார்களைச் சமாளிக்கமுடியாமல் பவேரியரிடம் உதவி கேட்டான். உதவி கிடைத்தது, விலையாக மகன் கோராஸ்தும் சகோதரன் மகன் ஹோதிமிரும் பிணையாகப் போய்க் கிறித்தவர்களாகத் திரும்பினார்கள். அதன்பின் பவேரியக் குடியேறிகள் வந்தார்கள். நூற்றாண்டுகள் போகப் போக வடக்குப் பள்ளத்தாக்குகள் ஜெர்மன் பேசத் தொடங்கின. கிராட்ஸ் நகரத்தின் பெயரே சிறு கோட்டை என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல். அங்கே ஜெர்மன் பேசும் பலரின் முன்னோர், லூப்லியானாவில் ஸ்லோவேனிய மொழி பேசுகிறவர்களின் முன்னோரோடு ஒரே வரிசையில் நடந்து வந்தவர்கள்தான். 1920 அக்டோபர் 10இல் தெற்குக் கரிந்தியாவில் வாக்கெடுப்பு நடந்தபோது 59 விழுக்காடு ஆஸ்திரியாவுக்கு விழுந்தது. ஸ்லோவேனிய மொழி பேசியவர்களிலேயே பலர் அப்படி வாக்களித்தார்கள்.

மேற்கே இத்தாலிக்குள் ரேசியா பள்ளத்தாக்கு இதற்கு நேர் எதிர். ஆயிரம் பேர் அளவில் வாழும் அந்த ஊர்களின் பேச்சை மொழியியலார் ஸ்லோவேனிய வழக்குகளில் சேர்க்கிறார்கள். சில குடும்பங்களுக்குள்ளேயே நூற்றாண்டுகளாகக் கொண்டும் கொடுத்தும் வந்ததால் மரபணுவில் சுற்றியிருக்கும் எல்லோரிடமிருந்தும் விலகித் தெரிகிறார்கள். அவர்களில் ஒரு சாராரைக் கேட்டால், நாங்கள் ஸ்லோவேனியர் இல்லை, ரேசியர் என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் இதற்கு மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை.

கரந்தானியாவிலிருந்து மிஞ்சிய ஒரு கல் இன்று கிளாகன்ஃபர்ட்டில் மாநில மன்றக் கட்டடத்தில் இருக்கிறது. ரோமானியத் தூண் ஒன்றின் அடிப்பகுதி. பக்கத்து விருனும் நகர இடிபாட்டிலிருந்து எடுத்ததாக இருக்கவேண்டும். அதைக் கவிழ்த்து நட்டு அரியணையாக்கியிருந்தார்கள். புதிய கோமகன் பொறுப்பேற்கும் நாளில் அதன்மேல் சுதந்திர உழவன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். கோமகன் குடியானவன் உடையில், எருதும் குதிரையும் ஓட்டிக்கொண்டு வருவான். வருகிறவன் யார், நீதி வழுவாதவனா என்று உழவன் ஸ்லோவேனிய மொழியில் கேட்பான். திருப்தியான பதில் கிடைத்தபின் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டு, கால்நடையை வாங்கிக்கொண்டு கல்லிலிருந்து இறங்குவான். பிற்காலக் கோமகன்கள் ஜெர்மானியர்கள். ஆனாலும் சடங்கு மாறவில்லை. கடைசியாக 1414இல் ஹாப்ஸ்பர்க் எர்ன்ஸ்ட் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னான். 2007இல் ஸ்லோவேனியா யூரோவுக்கு மாறியபோது அந்தக் கல்லைத் தன் 2 சென்ட் நாணயத்தில் பொறித்தது. எங்கள் கல் அவர்கள் காசிலா என்று கரிந்தியாவில் சண்டைக்கு வந்தார்கள்.

(தொடரும்)